எழும்பூரில் உள்ள அமராவதிக் கற்களையும் நாகப்பட்டினத்துப் புத்தர்களையும் செய்தவர்கள் யார்?

கேள்வி: வரைகோல்

அனைவருக்கும் வணக்கம். நான் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். பிள்ளைகளில் பெரும்பாலோர் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கும் ஆவலோடு வந்தார்கள். நான் ஆந்திரத்து அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பக் கற்களை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையோடு போனேன்.

நளகிரி யானையை அடக்கும் காட்சி செதுக்கப்பட்ட வட்டக்கல்லின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் மதம் கொண்டு தெருவுக்குள் பாய்ந்து, அகப்பட்டவனைத் துதிக்கையால் பற்றுகிறது. மறுபக்கம் அதே யானை புத்தரின் முன் மண்டியிட்டுக் கிடக்கிறது. மாடத்துச் சாளரங்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அசையும் படத்தில் இரண்டு காட்சிகளாகக் காட்ட வேண்டியதை ஒரு கல்லின் மீது ஒரே மூச்சில் காட்டியிருக்கும் அந்த அமைப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவி, "இதைச் செதுக்கினவர் பேர் என்ன டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தக் காலத்துச் சிற்பிகள் பணிவின் காரணமாகத் தம் பெயரைப் பொறித்துக்கொள்ள மாட்டார்கள் என்று, நான் படித்த காலத்தில் என் ஆசிரியர் எனக்குச் சொன்னதையே அவளிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அவங்களே போட்டுக்கலையா, இல்ல யாரும் போட விடலையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கிருந்து வெண்கலக் கூடத்துக்குப் போய் நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகளைப் பார்த்தபோதும் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது.

அருங்காட்சியகத்தில் ஒரு சிலையின் அருகே இருக்கும் குறிப்பு அதன் பெயரையும் ஊரையும் நூற்றாண்டையும் சொல்லும். அரசகுலத்தின் பெயரும் சில இடங்களில் இருக்கும். இந்தக் கற்களையும் வெண்கலங்களையும் செய்த கைகளைப் பற்றி நமக்கு உண்மையில் ஏதாவது தெரியுமா? தெரியுமானால், அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது எதைக் காட்டி அதைச் சொல்லலாம்? கல்வெட்டு படிப்பவர்களும், சிலை வார்க்கும் தொழிலை அறிந்தவர்களும் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

மறுமொழி: கல்லெழுத்து

அம்மா, உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வி மிகவும் நல்ல கேள்வி. நான் தொல்லியல் படித்தவன்; பிராகிருதக் கல்வெட்டுகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். பணிவின் காரணமாகப் பெயர் பொறிக்கவில்லை என்ற விளக்கத்தை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தக் கற்களையே படித்துப் பார்த்தால் அது முழு உண்மையாகத் தோன்றவில்லை.

முதலில் அமராவதி எப்படிப்பட்ட இடம் என்பதைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணை ஆற்றின் கரையில் தானியகடகம் என்ற பழைய நகரத்தில் இருந்த மகாசேதியம், ஏறத்தாழ 50 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய தூபியாகும். கி.மு. காலத்திலேயே தொடங்கி, சாதவாகனர் காலத்தில் செழித்து, கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை அது மேன்மேலும் அழகூட்டப்பட்டு வந்தது. அதைச் சுற்றியிருந்த வேலியின் தூண், குறுக்குக்கல், மேல்விளிம்புக்கல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி மக்கள் கொடையாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர் தம் பெயரையும் உறவினர் பெயரையும் பிராமி எழுத்தில் அந்தக் கல்லிலேயே பொறிக்கச் செய்தார். ஆகவே கல்லில் பெயர் பொறிப்பது அங்கே வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல முடியாது. பிக்குகள், பிக்குணிகள், வணிகர்கள், இல்லறத்தார் எனப் பலருடைய பெயர்கள் அங்கே இருக்கின்றன.

அவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் விதிகர் என்ற தோல் தொழிலாளி. நாகர் என்னும் ஆசிரியரின் மகனான அவர், தம் தாய், மனைவி, உடன்பிறந்தோர், மகன், மகள்கள், சுற்றத்தார், நண்பர்கள் எல்லோருடனும் சேர்ந்து நிறைகுடம் செதுக்கிய பலகை ஒன்றைக் கொடுத்ததாக அந்தக் கல்வெட்டு சொல்கிறது. தோல் பதனிடும் ஒருவர், ஒரு பேரரசின் புகழ்பெற்ற வழிபாட்டிடத்தில் தம் பெயரையும் தொழிலையும் சேர்த்தே எழுதிவைக்க முடிந்தது என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

இன்னொரு கல்வெட்டு நமக்கு உறவுடையது. தமிள கண்ஹர் என்பவரும், அவருடைய தம்பி சுல்ல கண்ஹரும், தங்கை நாகாவும் மகாசேதியத்துக்குக் கல் கொடுத்திருக்கிறார்கள். 'தமிள' என்ற அடைமொழி அவர் தமிழர் என்பதைக் காட்டுகிறது. கண்ஹர் என்பது கண்ணன்தான். சுல்ல என்றால் சிறிய என்று பொருள். கண்ணனும் சின்னக் கண்ணனும் அவர்களுடைய தங்கையும் கிருஷ்ணைக் கரையில் ஒரு கல்லை நிறுத்தினார்கள் என்று வாசிக்கும்போது, 1,800 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி எனக்குச் சட்டென்று சுருங்கிவிடுகிறது.

இவர்கள் எல்லோரும் கொடுத்தவர்கள்தாமே, செதுக்கியவர்கள் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். அமராவதிக்கு வெகுதொலைவில் இல்லாத ஜக்கய்யப்பேட்டைக்கு வாருங்கள். அங்கே இருந்த தூபியின் கிழக்கு வாயிலில் ஐந்து ஆயகத் தூண்களை, அதாவது தூபியின் முகப்பில் வரிசையாக நிற்கும் தூண்களை, நிறுத்தியவர் சித்தத்தர் என்ற ஆவேசனி. ஆவேசனி என்பது தொழிற்கூடத்தில் வேலை செய்த கைவினைஞரைக் குறிக்கும் சொல். அவருடைய தந்தையும் ஆவேசனி. சாதவாகனருக்குப் பின் அப்பகுதியை ஆண்ட இக்குவாகு மரபின் மன்னர் வீரபுருஷதத்தரின் 20ஆம் ஆட்சியாண்டில், தம் தாய் நாகிலானி, மனைவி சமுதானி, பிள்ளைகள், தம்பி, தம்பியின் மனைவி மக்கள் ஆகிய அனைவரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டு அவர் அந்தத் தூண்களைப் புத்தருக்குக் கொடையாக அளித்திருக்கிறார். தந்தை வழியாகத் தொழில் கற்ற ஒரு கைவினைஞர், தாமே கொடையாளியாக நின்று பேசும் கல் அது. அந்தத் தூண்களைச் செதுக்கியதும் அவர்தான் என்று கல்வெட்டு வெளிப்படையாகச் சொல்லவில்லை; ஆனால் அந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் வேறொருவர் கையில் அந்த வேலையை விட்டிருப்பாரா என்று எனக்குள் கேட்டுக்கொள்வதுண்டு.

மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சித் தூபியின் தெற்குத் தோரணவாயிலில் இன்னும் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று, சாதகர்ணி மன்னரின் ஆவேசனிகளுக்குத் தலைவரான வாசிட்டியின் மகன் ஆனந்தரின் கொடை. மற்றொன்று இன்னும் தெளிவானது: அந்த வாயிலின் உருவ வேலைப்பாட்டை விதிசை நகரத்து யானைத்தந்த வேலைக்காரர்கள் செய்தார்கள் என்கிறது. தனியொருவர் பெயர் இல்லை; ஒரு நகரத்துத் தொழிற்குழு முழுவதும் அங்கே கையொப்பம் இட்டிருக்கிறது. யானைத் தந்தத்தில் நுண்ணிய வேலை செய்து பழகிய கைகள் கல்லுக்கு வந்தன என்று தெரிந்த பிறகு, அந்த நெருக்கமான உருவ வரிசைகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது.

எழும்பூரில் எதைக் காட்டலாம் என்று கேட்டீர்கள். அமராவதிக் கற்கள் பல 1880களில் சுவரோடு சேர்த்துக் காரையால் பதிக்கப்பட்டன; அதனால் அவற்றின் முகம் மட்டுமே தெரியும். பக்கவாட்டைப் பார்க்க முடிகிற தூண் ஏதேனும் இருந்தால் அதன் அருகே பிள்ளைகளை நிறுத்துங்கள். கண் வடிவத்தில் குடைந்த துளைகள் தெரியும். குறுக்குக்கல் அந்தத் துளைக்குள் செருகி நின்றது. அந்தக் குறுக்குக்கல்லைக் கல்வெட்டுகள் 'சூசி', அதாவது ஊசி, என்று அழைக்கின்றன. தச்சர் மரவேலி செய்யும் முறையைக் கல்லில் அப்படியே செய்திருக்கிறார்கள். சிற்பத்தின் அழகைவிட அந்தத் துளை, செய்தவரை நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும் என்பது என் அனுபவம்.

மறுமொழி: மெழுகுரு

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்திலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன். நான் சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிக் குடும்பத்தில் பிறந்தவன். பெயர் போடாதது பற்றி எங்கள் வீட்டில் இருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா நூற்றுக்கணக்கான திருமேனிகளை வார்த்தார். ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. அது பணிவினால் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு சிலையில் மெழுகு பிடித்தவர் ஒருவர், மண் பூசியவர் வேறொருவர், உலையில் நின்றவர்கள் நான்கு பேர், உளி பிடித்தவர் இன்னொருவர். யார் பெயரைப் போடுவது என்று கேட்பார். ஆசிரியை அம்மாவின் மாணவிக்கு இது மூன்றாவது பதிலாக இருக்கலாம்.

நாகப்பட்டினத்துப் புத்தர்களை நான் முதன்முதலில் எழும்பூரில் பார்த்தபோது எனக்கு 19 வயது. கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, இதை எந்த மண்ணில் பூசியிருப்பார்கள், உலோகம் எந்த வழியாக உள்ளே இறங்கியிருக்கும் என்றுதான் முதலில் யோசித்தேன். புத்தர் என்பது பிறகுதான் மனத்தில் பதிந்தது. தொழில்காரன் பார்வை அப்படித்தான் இருக்கும். அந்தப் பார்வையைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியும் என்று நினைக்கிறேன். அதற்காக வேலை நடக்கும் வழியைச் சொல்கிறேன்.

தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, கைக்கு இசையும் பதத்துக்குக் கொண்டுவருவோம். தென்னை ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்னும் சிற்ப அளவுமுறைப்படி மடித்து மடித்துக் குறி வைத்துக்கொள்வோம். இதற்கு ஒடியோலை என்று பெயர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்பதை அந்த ஓலை சொல்லும். மெழுகில் உருவம் முழுவதும் முடிந்த பிறகு, காவிரியின் வண்டல் மண்ணை மிக நைசாக அரைத்து முதல் பூச்சுப் பூச வேண்டும். மெழுகில் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் இந்த முதல் பூச்சுதான் உள்வாங்குகிறது. அதில் ஒரு சிறு காற்றுக்குமிழி நின்றால்கூட அது சிலையின் மேல் கட்டியாக வந்துவிடும். நிழலில் உலர்த்தி, அடுத்தடுத்துக் கனமான மண் பூசி, கம்பி கட்டி, சூடாக்கி மெழுகை வெளியேற்றுவோம். உள்ளே வெற்றிடம் நிற்கும். அச்சை மண்ணில் புதைத்து, உருக்கிய உலோகத்தை அந்த வெற்றிடத்தில் வார்ப்போம். மெழுகின் எடையைப் போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் தேவைப்படும் என்பது கணக்கு. ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சில் ஒரு சிலைதான்; அதைப் போலவே இன்னொன்று வேண்டுமானால் மீண்டும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று நாங்கள் வார்ப்பு முடிந்த பிறகு உளியால் நெடுநாள் வேலை செய்கிறோம். ஆடையின் மடிப்பு, நகையின் மணி என்று நுணுக்கங்களில் பெரும்பகுதி உளியால் வருகிறது. சோழர் காலத்து நல்ல வார்ப்புகளில் அந்த நுணுக்கம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்திருக்கிறது. அதனால்தான் அவற்றின் விளிம்புகளில் ஒரு மென்மை இருக்கிறது. நாகப்பட்டினத்துப் புத்தரின் மேலாடை மடிப்புகளைக் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வெட்டிய கோட்டுக்கும் விரலால் இழைத்த கோட்டுக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். உங்கள் பள்ளியில் களிமண் இருந்தால் முதல் நாள் அதில் ஆடை மடிப்புச் செய்ய வைத்துவிட்டு, மறுநாள் அழைத்துச் செல்லுங்கள்.

தலையின் உச்சியில் எழும் சுடரையும், பீடத்தையும் தவறாமல் காட்டுங்கள். பீடத்தில் வளையமோ துளையோ இருந்தால், தண்டு கட்டித் தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோவதற்காகச் செய்த திருமேனி என்று பொருள். நடராசரையும் சோமாஸ்கந்தரையும் வீதிக்கு எழுந்தருளச் செய்த அதே வழக்கத்தில் புத்தரும் எழுந்தருளியிருக்கிறார்.

இதற்குச் சான்றாகவும், செய்தவர்களைப் பற்றிய கேள்விக்கு நேரடியான பதிலாகவும் ஒரு சிலை இருக்கிறது. அது இப்போது நியூயார்க்கில் ஏசியா சொசைட்டியின் அருங்காட்சியகத்தில், ராக்பெல்லர் தொகுப்பில் உள்ளது. நாகப்பட்டினத்துப் புத்தரான அவருடைய பீடத்தில் தமிழில் எழுத்துப் பொறிப்பு இருக்கிறது. இராஜேந்திர சோழப் பெரும்பள்ளியில் (பள்ளி என்றால் இங்கே பௌத்த மடம்), அக்கசாலைப் பெரும்பள்ளியின் ஆழ்வார் கோயிலுக்காகத் திருவிழாவில் எழுந்தருளும் திருமேனியாக, சிறுதவூரைச் சேர்ந்த குணாகர உடையார் அதை நிறுவினார் என்று அது சொல்கிறது. புத்தர் அங்கே ஆழ்வார் என்று அழைக்கப்படுகிறார். அதோடு, பதினெண் விஷயத்து அக்கசாலைகளுக்கும் நாயகர் என்றும் அவரைக் குறிப்பிடுகிறது. அக்கசாலை என்றால் பொன்னும் உலோகமும் வேலை செய்யப்படும் கூடம். கொற்கையில் அக்கசாலை ஈசுவரமுடையார் என்ற பெயரில் சிவன் கோயில் இருப்பதை நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள் அறிவார்கள். பதினெட்டு நாட்டு உலோகத் தொழிலாளர்களும் தங்கள் நாயகராகக் கொண்ட புத்தர் அவர். எங்கள் தொழில்காரர்களுக்கென்று ஒரு பெரும்பள்ளியே நாகையில் இருந்தது என்று நான் அறிந்த நாளில், வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் மீண்டும் ஒரு முறை படிக்கச் சொன்னார்.

மறுமொழி: வெளிப்பாளையம்

நாகப்பட்டினத்துக்காரன் என்ற உரிமையில் சில தகவல்களைச் சேர்க்கிறேன். கடல் கடந்த சுமத்திராப் பகுதியை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர், தம் தந்தையின் பெயரால் எங்கள் ஊரில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டினார். இராஜராஜ சோழர் தமது 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது மடத்துக்கான நிலக்கொடையாக, அளித்தார். அந்த ஊரிலிருந்து ஆண்டுக்கு வரவேண்டிய நெல் 8,943 கலத்துக்கும் மேல் என்று லெய்டன் செப்பேடுகள் என அழைக்கப்படும் ஆவணம் அளந்து சொல்கிறது. கடல் கடந்து வந்த வணிகரும், உள்ளூர் உழவரின் நெல்லும், உலோகத் தொழிலாளரின் உலையும் சேர்ந்து அந்தத் திருமேனிகளைத் தந்தன.

ஊரில் நெடுங்காலம் நின்ற பழைய செங்கல் கோபுரம் ஒன்றைப் புதுவெளிக் கோபுரம் என்று அழைத்தார்கள். 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். 1867இல் அது இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1856இல் அந்த இடத்தில் பழமையான இலுப்பை மரம் ஒன்றை அகற்றியபோது வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. அப்போது தொடங்கி 1930கள் வரை எங்கள் ஊர் மண்ணிலிருந்து 350க்கும் மேற்பட்டவை கிடைத்தன. அவற்றில் பல உள்ளங்கையில் அடங்குமளவு சிறியவை. பெரிய திருமேனிகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் அந்தச் சிறிய புத்தர்களின் முன்னும் நில்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எளிய வீட்டுக்காரர் ஒருவர் வேண்டுதலுக்காக வாங்கி வைத்திருக்கக்கூடியவை என்று அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மறுமொழி: தேம்சுக்கரை

வெளிப்பாளையம் நண்பர் குறிப்பிட்ட அதே வால்டர் எலியட்தான் 1845இல் அமராவதியைத் தோண்டியவர். அவர் சென்னைக்கு அனுப்பிய கற்கள் 1859இல் கப்பலேறி இலண்டனுக்கு வந்து, 1880இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1992 முதல் அவற்றுக்கென்று 33அ என்ற தனி அறை இருக்கிறது. நான் பதினொரு ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிறேன். மழை நாட்களில் அந்த அறைக்குப் போய் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆசிரியை அவர்களின் கேள்வியைப் படித்ததும் அங்கே உள்ள ஒரு பலகைதான் நினைவுக்கு வந்தது. அது இரு பக்கமும் செதுக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காட்சி: போதி மரம், அதன் கீழே வெறுமையான ஆசனம், சுற்றிலும் வணங்கும் மக்கள். புத்தரை மனித உருவில் காட்டாமல் மரத்தாலும் ஆசனத்தாலும் பாதச்சுவடாலும் உணர்த்திய காலம் அது. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கல்லைத் திருப்பி, பின்பக்கத்தில் முழுத் தூபியையே செதுக்கியிருக்கிறார்கள். வேலி, வாயிற் சிங்கங்கள், ஐந்து ஆயகத் தூண்கள், பூமாலை வரிசைகள் என்று இடைவெளியே இல்லாத வேலைப்பாடு. அந்த மகாசேதியம் எப்படி நின்றது என்பதை இன்று நாம் கற்பனை செய்ய முடிவதே இத்தகைய பலகைகளால்தான்.

இரண்டாவது சிற்பி கல்லைத் திருப்பிய அந்தக் கணத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. முன்னவரின் வேலையை அவர் உளியால் அழித்துவிடவில்லை. அது தூபியின் உட்பக்கமாகத் திரும்பி, யார் கண்ணிலும் படாமல், மழையும் வெயிலும் தொடாமல் நின்றது. இன்று அருங்காட்சியகத்தில் இருவருடைய வேலையையும் ஒரே கல்லைச் சுற்றி நடந்து பார்க்கிறோம். பழைய பக்கத்து மனிதர்கள் நிமிர்ந்து, தனித்தனியாக, சிறிது விறைப்பாக நிற்கிறார்கள். புதிய பக்கத்தில் உடல்கள் வளைந்து ஒன்றன் மேல் ஒன்று சாய்கின்றன. பெயர் தெரியாத இருவரையும் வேறு வேறு மனிதர்களாக நான் அடையாளம் காண்பது அந்த வேறுபாட்டினால்தான்.

கல் அங்கிருந்து போனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே புதிய நகரம் எழுப்பிய வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடுவின் ஆட்கள் கட்டடத்துக்காக அந்த மேட்டைத் தோண்டினார்கள். பிரிட்டிஷ் நில அளவையாளரான காலின் மக்கன்சி 1798இல் பார்த்துவிட்டுச் சென்று, 1816இல் வரைவாளர்களோடு திரும்பி வந்தபோது மேட்டின் நடுப்பகுதி பெரிதும் அழிந்திருந்தது. பல்நாடு என்ற பகுதியின் சுண்ணாம்புக்கல் என்பதால் பல சிற்பங்கள் சுண்ணாம்புக் காளவாயில் எரிந்து போயின. அந்த வரைவாளர்கள் வரைந்த படங்களில் மட்டுமே இன்று எஞ்சியிருக்கும் சிற்பங்களும் உண்டு. உங்களைப் போன்ற ஓவிய ஆசிரியருக்கு அந்தச் செய்தி பயன்படும் என்று நினைக்கிறேன். இலண்டனில் இருக்கும் கற்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. அவை இருக்க வேண்டிய இடம் கிருஷ்ணைக் கரை என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி: கல்லெழுத்து

மெழுகுரு ஐயா தம் தந்தையார் கேட்டதாகச் சொன்ன கேள்வி என் வாசிப்பைத் திருத்துகிறது. விதிசைத் தந்த வேலைக்காரர்கள் தனிப்பெயர் எதுவும் சொல்லாமல் ஊர்ப்பெயரையும் தொழிற்பெயரையும் மட்டும் பொறித்ததற்கு இத்தனை நாள் எனக்குச் சரியான காரணம் தோன்றவில்லை. யார் பெயரைப் போடுவது என்ற அதே கேள்வி அவர்களுடைய தொழிற்கூடத்திலும் எழுந்திருக்கலாம். சித்தத்தர் தம் பெயரைச் சொல்ல முடிந்ததற்கு, அவர் அங்கே கொடையாளியாகவும் நின்றார் என்பதே காரணம் என்று கருதுகிறேன். பொருள் கொடுத்தவருக்குக் கல்லில் இடம் இருந்தது. உழைப்பை மட்டும் கொடுத்தவருக்கு அந்த இடம் எளிதில் கிடைக்கவில்லை. அந்த மாணவியின் இரண்டாவது கேள்வியில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள் அம்மா.

மறுமொழி: வரைகோல்

உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இத்தனை பெயர்கள் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் மறுபடியும் எழும்பூருக்குப் போய் வந்தேன். நளகிரி வட்டக்கல்லின் முன் ஒரு மணி நேரம் நின்று பென்சிலால் வரைந்து பார்த்தேன். வரையும்போதுதான் தெரிந்தது, அந்த வட்டத்துக்குள் யாரும் சும்மா நிற்கவில்லை. ஓடுபவர், அஞ்சி ஒருவரை ஒருவர் பற்றிக்கொள்பவர், எட்டிப் பார்ப்பவர், கைகூப்புபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. யானையின் வேகம் அவர்களுடைய உடல்களின் சாய்வில் இருக்கிறது. புத்தர் மட்டும் நேராக நிற்கிறார். இதைத் திட்டமிட்டவர் முதலில் கரியாலோ காவியாலோ கல்லின் மேல் கோடு போட்டிருப்பார் என்று என் கை எனக்குச் சொன்னது.

வெண்கலக் கூடத்தில் மெழுகுரு ஐயா சொன்னபடி ஆடை மடிப்புகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். பிறகு அந்தச் சிறிய புத்தர்களின் முன்னும் நின்றேன்.

திங்கட்கிழமை அந்த மாணவியை அழைத்து, சித்தத்தர், நாகிலானி, சமுதானி என்ற பெயர்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கல்லில் இடம் யாருக்கு எளிதாகக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன். தோல் தொழிலாளி விதிகரின் கதையைக் கேட்டபோது வகுப்பே அமைதியாக இருந்தது. அடுத்த வாரம் களிமண் வருகிறது. அதில் ஆடை மடிப்புச் செய்த பிறகு மீண்டும் எழும்பூருக்குப் போகத் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பிராமி எழுத்தில் தம் பெயரை எழுதப் பழக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கல்லெழுத்து ஐயா, தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு எந்த எழுத்துகளிலிருந்து தொடங்குவது எளிது என்று சொல்ல முடியுமா?